டாக்ஸியில் கைக்குழந்தை: மடியா, கார் சீட்டா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி – மார்ச் 9, இரவு 9.40

பாப்பாவுக்கு எட்டு மாசம், எட்டரை கிலோ. அடுத்த மாசம் அவரைக் கூப்பிட பெங்களூரு ஏர்போர்ட் போகணும். சொந்த வண்டி இல்ல, டாக்ஸிதான். ராயக்கோட்டை, ஓசூர் வழி. கார் சீட் வாங்கலாமான்னு கேட்டா அத்தை, "மடியைவிடப் பத்திரமான இடம் பிள்ளைக்கு எங்க இருக்கு, நான் வச்சுக்கிட்டு வர்றேன்"ங்கறாங்க. டாக்ஸியில அதை மாட்ட முடியாது, டிரைவர் விடமாட்டார், டாக்ஸிக்கு அந்தச் சட்டமே கிடையாதுன்னு நாத்தனார் சொல்றாங்க. நம்ம பக்கம் யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?

மார்ச் 9, இரவு 10.15

முடியும். நான் கிருஷ்ணகிரி. எங்ககிட்டயும் கார் கிடையாது. பொண்ணு பொறந்ததுலேர்ந்து தருமபுரியில இருக்கற அம்மா வீடு, பெங்களூரு ஆஸ்பத்திரி, கல்யாணம் காட்சி எல்லாத்துக்கும் மஞ்சள் போர்டு வண்டியிலதான் போறோம், சீட்டோடதான் போறோம். சீட் நம்மளோடதா இருக்கணும், மாட்டறதும் நாமதான். டிராவல்ஸ்காரர் கொண்டு வருவார்னு காத்திருக்காதீங்க. மீதி நாளைக்கு எழுதறேன், குழந்தை முழிச்சுக்கிட்டா.

மார்ச் 10, காலை 6.20

முதல்ல சட்டம், அது சுருக்கம்தான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 194பி-ன்னு ஒரு பிரிவு வந்தது. 14 வயசு ஆகாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிக்கிட்டு வண்டி ஓட்டினா 1,000 ரூபாய் அபராதம். 2019 செப்டம்பர் 1-லேர்ந்து நடைமுறை. குழந்தைகளைப் பத்தின அந்த உட்பிரிவுல டாக்ஸிக்குன்னு விலக்கு எழுதல. ஓட்டறவர், ஓட்ட விடறவர் ரெண்டு பேரையும் அது பிடிக்கும்.

ஆனா சோதனையில நிறுத்தி யாரும் கேட்கறதில்லைங்கறது நமக்கெல்லாம் தெரியும். 2024 அக்டோபர்ல கேரளாவுல போக்குவரத்துத் துறை குழந்தை சீட்டைக் கட்டாயமாக்கப் போறதா அறிவிச்சாங்க. உடனே அமைச்சர் கணேஷ் குமாரே அதெல்லாம் இப்ப இல்லைன்னு பின்வாங்க வச்சார். அதனால போலீஸ் பயத்துக்காக இதை வாங்கச் சொல்லமாட்டேன். காரணம் வேற, மதியம் எழுதறேன்.

மார்ச் 10, மதியம் 2.05

மடி விஷயம். அத்தைங்க பாசத்துல சொல்றாங்க, அதுல குறை சொல்ல எனக்கு மனசு வராது. எங்க அம்மாவும் இதையேதான் சொன்னாங்க. அவங்களுக்குக் கணக்கு போட்டுக் காட்டினேன்.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எது மேலயாவது மோதுதுன்னு வைங்க. முன்பக்கம் நசுங்கி ஏறக்குறைய ரெண்டடி தூரத்துல நிக்கும். அதுக்கு ஆகற நேரம் ஒரு நொடியில பத்துல ஒரு பங்குகூட இல்ல. அந்த நேரத்துக்கு உங்க பாப்பாவோட எட்டரை கிலோ, பிடிச்சிருக்கற கைக்கு 130 கிலோவுக்கு மேல கனமா இழுக்கும். ரெண்டு நெல்லு மூட்டை கனத்தை எதிர்பாராத நேரத்துல எந்தக் கை பிடிச்சு நிறுத்தும்? பாசமோ பலமோ குறைஞ்சு போனதால இல்ல, எந்தப் பயில்வானாலயும் ஆகாது. அதுவும் 50 கிலோமீட்டர் வேகத்துக்கான கணக்கு இது. ஓசூர் ரோட்டுல நம்ம டாக்ஸி எவ்வளவுல போகும்னு உங்களுக்கே தெரியும்.

கணக்கு அம்மாவை அசைக்கல. அசைச்சது சூளகிரிக்கு முன்னால நடந்த ஒரு பிரேக். நடுத்தடுப்புல இருந்த இடைவெளி வழியா ஒரு பைக் சடார்னு குறுக்க வந்துடுச்சு. டிரைவர் நல்ல ஆள், வண்டி மோதாம நின்னுடுச்சு. ஆனா பின் சீட்டுல எனக்குப் பக்கத்துல இருந்த மாங்காய்ப் பை ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல பறந்து போய் கியர் மேல விழுந்து, பழமெல்லாம் டேஷ்போர்டுல மோதி உருண்டுச்சு. பங்கனப்பள்ளி, ஒரு அஞ்சாறு கிலோ இருக்கும். பொண்ணு சீட்டுல கட்டினபடியே இருந்தா, தூக்கம்கூட முழுசாக் கலையல. அம்மா அந்தப் பழத்தையும் பிள்ளையையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் மடியில குடுன்னு கேட்டதே இல்ல. இது வெறும் பிரேக், மோதல்கூட இல்ல.

மார்ச் 10, இரவு

மேல ஒருத்தர் கேட்டிருக்காங்க: "நான் பெல்ட் போட்டு, அதே பெல்ட்டுக்குள்ள பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கறேன், போதாதா?"

தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. மோதும்போது உங்க உடம்பு கனம் முழுக்கப் பின்னாலேர்ந்து குழந்தை மேல அழுத்தும், முன்னால பெல்ட் அறுக்கும். நடுவுல மாட்டறது பிள்ளை. நெஞ்சோட கட்டிக்கற துணித் தொட்டில் பையும் நடக்கறதுக்குத்தான், காருக்கு இல்ல.

மார்ச் 12, காலை

இப்ப நிஜமான சிக்கலுக்கு வர்றேன். டாக்ஸியில சீட் மாட்ட முடியாம போறதுக்கு, நான் பார்த்தவரைக்கும், பத்துல எட்டு தடவை காரணம் சீட் கவர்தான்.

வண்டி வாங்கினதும் ரெக்சின் கவர் போட்டுடறாங்க. பின் சீட்டுல பெல்ட் மாட்டற லாக் இருக்கும் பாருங்க, அதை யாரும் பயன்படுத்தறதில்ல, உட்கார்ந்தா உறுத்துதுன்னு கவருக்கு அடியில தள்ளிவிட்டுடுவாங்க. பெல்ட் மேல தொங்கும், சொருக இடம் இருக்காது. முதுகு சாயற பாகத்துக்கும் உட்கார்ற மெத்தைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டுத் துழாவணும். சில்லறைக் காசு, கடலைத் தோல், யாரோ விட்ட ஹேர்பின் எல்லாம் வரும். சதுரமா பிளாஸ்டிக் தட்டுப்பட்டா அதுதான் லாக். கவரோட எலாஸ்டிக்கை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதை மேல இழுக்கணும். சில கவர்ல ஓட்டையே வெட்டியிருக்க மாட்டாங்க, அப்ப அந்தப் பக்கம் கவரோட கொக்கியைக் கழட்டியே ஆகணும்.

வாசல்ல வண்டி நிக்க, டிரைவர் ஹாரன் அடிக்க, பாப்பா அழ, இந்த வேலை ஆகாது. அதனால புக் பண்ற போன்லயே கேட்டுடணும். நான் சொல்றது இதுதான்: "அண்ணா, கைக்குழந்தை இருக்கு, குழந்தை சீட் கொண்டு வர்றோம். பின் சீட்டுல இடது பக்க பெல்ட்டும் லாக்கும் வெளிய எடுத்து வச்சிருங்க. மாட்டறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க." வாடகை பேசறதுக்கு முன்னாடி இதைப் பேசுங்க. முடியாதுங்கறவர் போன்லயே முடியாதுன்னு சொல்லிடுவார், அடுத்த நம்பருக்குப் போயிடலாம்.

மார்ச் 12, மாலை

இடது பக்கம் ஏன்னு கேட்டிருக்கீங்க. பின் சீட்டோட நடுவிடம்தான் பத்திரம்னு படிச்சிருப்பீங்க, அது சரிதான், பக்கவாட்டு மோதல்லேர்ந்து தள்ளி இருக்கும். ஆனா டாக்ஸியா ஓடற பழைய வண்டிகள்ல பலதுல நடுவுல இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலான சீட்டுக்கு தோள் பெல்ட்டும் சேர்ந்த மூணு முனை பெல்ட் வேணும். அதனால ஓரம். ரெண்டு ஓரத்துல இடதுன்னா, நாம இறங்கறது நடைபாதைப் பக்கம். பைபாஸ் ஓரத்துல வண்டியை நிறுத்திக் குழந்தையைத் தூக்கும்போது லாரி முதுகை உரசிக்கிட்டுப் போகாது.

முன் சீட்டுல மட்டும் வேண்டாம். குழந்தை வண்டியோட பின்பக்கம் பார்த்து உட்கார்ற சீட்டை ஏர்பேக் இருக்கற முன் சீட்டுல வச்சா, ஏர்பேக் வெடிச்சு விரியும்போது நேரா குழந்தை தலைக்குப் பின்னாடி அடிக்கும். உயிரே போகும்.

மார்ச் 15

எந்த சீட் வாங்கலாம்னு பாலக்கோடு வாசகி கேட்டதுக்கு.

எட்டு மாசத்துக்கு, பின்னோக்கி உட்கார வைக்கற சீட். அதாவது குழந்தை முகம் வண்டியோட பின் கண்ணாடியைப் பார்க்கணும். கைக்குழந்தைக்கு உடம்பு நீளத்துல கால்வாசி தலைதான், கழுத்து இன்னும் இறுகல. முன்னாடி பார்த்து உட்கார்ந்தா மோதல்ல உடம்பைப் பட்டை பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னால வீசும், மொத்த இழுப்பும் கழுத்துக்குப் போகும். பின்னோக்கி இருந்தா தலை, கழுத்து, முதுகு மூணையும் சீட்டோட ஓடு சேர்த்துத் தாங்கும்.

கடையில "ஒம்பது கிலோ ஆயிட்டா திருப்பிடலாம்"னு சொல்வாங்க. ஆர்44-ங்கற பழைய ஐரோப்பிய விதிப்படி 9 கிலோவுல முன்னோக்கி வைக்க அனுமதி உண்டு, அதை வச்சுச் சொல்றாங்க. புது விதியான ஆர்129, 15 மாசம் வரைக்கும் திருப்பவே கூடாதுங்குது. சீட் அனுமதிக்கற எடை, உயரம் வரைக்கும் பின்னோக்கியே வைக்கணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. உங்க பாப்பா சீக்கிரமே ஒம்பது கிலோ ஆயிடும், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன். திருப்பாதீங்க.

சீட்டுல ஆரஞ்சு லேபிள் இருக்கான்னு பாருங்க. வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், எந்த எடைக்குன்னும் அதுலயே போட்டிருக்கும். நம்ம நாட்டுத் தரத்துக்குப் பேரு ஏஐஎஸ்-072. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கும் கீழ துணியும் பஞ்சும் நாலு பட்டையும் வச்சு "கார் சீட்"னு விக்கறாங்களே, எந்த லேபிளும் இருக்காது, அதைத் தொடவே தொடாதீங்க. முதுகு சாயற பாகத்துல கயிறு மாதிரி கட்டறது மோதல்ல அவுந்துடும். டாக்ஸிக்கு எடுத்துட்டுப் போக எளிதுன்னு அதைத்தான் நிறைய பேர் வாங்கறாங்க, அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

கைப்பிடி வச்ச கூடை மாதிரி சீட் டாக்ஸிக்கு வசதி. எடை குறைவு, குழந்தையோட தூக்கிக்கிட்டு இறங்கிடலாம். ஒரு விஷயம் மட்டும்: ஆஸ்பத்திரி பெஞ்ச் மேல, மேசை மேல வைக்காதீங்க, தரையில வைங்க.

மார்ச் 15, சற்று நேரத்துல

விட்டுப்போச்சு. ஐசோபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாம வண்டி சீட்டுக்குள்ள இருக்கற கம்பியில மாட்டற கொக்கி, அதோட அடிப்பாகம் சேர்த்து வாங்கணுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. சொந்த வண்டின்னா நல்லது. வாடகைக்கு எந்த வண்டி வரும்னு தெரியாதப்போ, வண்டி பெல்ட்டுலயே மாட்டக்கூடிய சீட்டாப் பாருங்க.

மார்ச் 16, ஞாயிறு

மாட்டற முறை. சீட்டுலயே பெல்ட் போற வழி காட்டியிருக்கும். ஆர்44 சீட்டுன்னா பின்னோக்கி வைக்கறதுக்கு நீலம், முன்னோக்கிக்கு சிவப்பு. கூடை சீட்டுல இடுப்புப் பட்டை குழந்தை தொடைக்கு மேல குறுக்க போகும், தோள் பட்டை சீட்டோட முதுகைச் சுத்தி வரும். லாக் போட்டதும் முழங்காலால இல்லைன்னா உள்ளங்கையால சீட்டை மெத்தைக்குள்ள அமுக்கி, தொங்கற பெல்ட்டை முழுக்க இழுங்க. அப்புறம் பெல்ட் போற இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டுங்க. ஒரு அங்குலத்துக்கு மேல அசைஞ்சா கழட்டி மறுபடி மாட்டணும்.

குழந்தையைக் கட்டற சீட்டுப் பட்டை அதோட தோள் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருந்து வரணும். இறுக்கினப்புறம் தோள்பட்டைகிட்ட பட்டைத் துணியைக் கிள்ளிப் பாருங்க. கிள்ள வந்தா இன்னும் தளர்வா இருக்குன்னு அர்த்தம். ஓசூர் தாண்டினா குளிரும்னு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக் கட்டாதீங்க. துணி அமுங்கிப் பட்டை தளர்ந்துடும். மெல்லிசா உடுத்திக் கட்டிட்டு, மேல போர்வை போர்த்துங்க.

கிளம்பற அன்னைக்கு முதல் தடவையா மாட்டாதீங்க. பக்கத்து வீட்டுல யார்கிட்டயாவது கார் இருந்தா கேட்டு முன்னாடியே மாட்டிப் பழகுங்க.

மார்ச் 19

டிரைவர் முரண்டு பிடிச்சா வண்டியை வேண்டாம்னுடுங்கன்னு இங்க நிறைய பேர் எழுதறீங்க. கொஞ்சம் யோசிச்சேன். எங்க தெருவுல ஒருத்தர் சொந்தமா வண்டி வச்சு ஓட்டறார், அவர்கிட்ட உட்கார்ந்து பேசினேன். அவர் சொன்னது நியாயமாப்பட்டது. "அக்கா, சீட் வைக்கறதுல எனக்கு என்ன நஷ்டம்? கவர் கிழிஞ்சா ஓனர்கிட்ட நான் பதில் சொல்லணும். குழந்தை வாந்தி எடுத்தா அடுத்த சவாரிக்கு முன்னாடி நான்தான் கழுவணும். அதைச் சொல்லாம ஏத்திட்டு அப்புறம் சண்டை போடறாங்க."

அப்போலேர்ந்து ஒரு பழைய பெட்ஷீட்டை நாலா மடிச்சு எடுத்துட்டுப் போறேன். மாட்டும்போது கதவோரம், கால் வைக்கற இடம், முன் சீட்டோட முதுகுன்னு மூடிடறேன். ஆனா சீட்டுக்கு அடியில தடிமனா எதுவும் வைக்கக் கூடாது, வச்சா சீட் வழுக்கும். பேட்டாவோட ஐம்பதோ நூறோ சேர்த்துக் குடுத்தா அடுத்த தடவை அவரே லாக்கை எடுத்து வச்சுக்கிட்டு வர்றார். மாத்தி மாத்தி வண்டி பிடிக்காம ஒரே ஆளைப் பழக்கி வச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

மார்ச் 22

அழுகை. இதைப் பத்தி யாரும் பேசமாட்டேங்கறாங்க. அழுதா வண்டியில இருக்கற எல்லாரும் "தூக்கிக்கோ, தூக்கிக்கோ"ன்னு சொல்வாங்க, அந்த ஒரு நிமிஷத்துல மனசு இளகித் தூக்கிடுவோம். வண்டி ஓடும்போது கழட்டாதீங்க. டிரைவர்கிட்ட சொல்லி பெட்ரோல் பங்கு, ஓட்டல், டோல்கேட் தாண்டின அகலமான இடம்னு பார்த்து நிறுத்தச் சொல்லுங்க. பால் குடுத்து, துணி மாத்தி, திரும்பக் கட்டிக் கிளம்புங்க. எப்படியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தையை வெளிய எடுக்கணும், சீட்டுலயே சுருண்டு தூங்கித் தலை நெஞ்சுல கவிழ்ந்தா மூச்சு தடைப்படும். தருமபுரி தாண்டி சேலம் பக்கம் போறவங்க, தொப்பூர் கணவாய் இறங்கறதுக்கு முன்னாடியே நிறுத்திப் பால் குடுத்துடுங்க. அந்த இறக்கத்துல, இரட்டைப் பாலம் கிட்ட, லாரிகள் பிரேக் பிடிக்காம வந்து மோதின செய்தியை நாம படிக்காத வருஷம் கிடையாது. அங்க ஓரம் கட்டவும் கூடாது, குழந்தை கையில இருக்கவும் கூடாது.

ஏப்ரல், மே-யில இன்னொண்ணு. வெயில்ல நின்ன வண்டியில பட்டையோட உலோக நாக்கு சுட்டுடும். கட்டறதுக்கு முன்னாடி உங்க விரலால தொட்டுப் பாருங்க.

மார்ச் 28

பேச்சு பைக் பக்கம் போயிடுச்சு, அதுவும் நல்லதுதான், நம்ம ஊர்ல பாதிக் குழந்தைங்க பைக்லதானே போகுது. 2022 பிப்ரவரியில மத்திய அரசு விதி போட்டது: நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓட்டறவர் உடம்போட இணைக்கற பட்டை, ஒம்பது மாசம் ஆனதுலேர்ந்து ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல வேகம் கூடாது. ஒரு வருஷம் கழிச்சு அமலுக்கு வந்தது.

லண்டன்ல இருக்கற ஒரு சொந்தக்காரர், அங்க டாக்ஸியில சீட் இல்லாம குழந்தையை ஏத்தலாம்னு சட்டமே இருக்குன்னார். இருக்கு, டிரைவர்கிட்ட பொருத்தமான சீட் இல்லைன்னா பின் சீட்டுல மட்டும் ஏத்தலாம். அது டாக்ஸி கிடைக்காம தவிக்கக் கூடாதுன்னு குடுத்த சலுகை. மோதினா என்ன ஆகுங்கறது அங்கயும் இங்கயும் ஒண்ணுதான். சரியான சீட், கார்ல போற ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையோட இறப்பு அபாயத்தை 71 சதவீதம் குறைக்குதுன்னு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கு சொல்லுது. ஒண்ணுலேர்ந்து நாலு வயசுக்கு 54 சதவீதம்.

ஏப்ரல் 4

பாலக்கோடு வாசகி சீட் வாங்கிட்டேன்னு எழுதியிருக்காங்க. மனசு நிறைஞ்சது. திரும்பி வரும்போது அவரோட பெட்டிங்க இருக்குமே, அதையும் போன்லயே பேசிடுங்க. கேஸ்ல ஓடற வண்டியில டிக்கியைப் பாதி சிலிண்டர் அடைச்சுக்கும். வெளிநாட்டுப் பெட்டி ரெண்டு வச்சா மீதி சாமான் பின் சீட்டுக்கு வரும், பிரேக் அடிச்சா அது பறக்கும். எர்டிகா மாதிரி வண்டியாக் கேளுங்க, கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவால்ல. அத்தையைப் பாப்பா பக்கத்துலயே உட்கார வைங்க, அவங்களும் பெல்ட் போடட்டும். பெல்ட் போடாத பெரியவங்க உடம்பு மோதல்ல குழந்தை மேலதான் வந்து விழும்.

ஏப்ரல் 7

ஒத்திகை பார்த்ததுல பெல்ட் நீளம் பத்தலைன்னு எழுதியிருக்கீங்க. கூடை சீட்டுல இது நடக்கும், தோள் பட்டை முதுகைச் சுத்தி வரணும்ல. முதல்ல பெல்ட்டை முழுக்க வெளிய இழுத்துப் பாருங்க, பாதியில சிக்கியிருக்கலாம். அடுத்து வலது ஓரத்துல பாருங்க. அப்பவும் பத்தலைன்னா வண்டியை மாத்துங்க. கயிறு, துப்பட்டா, வேற பெல்ட்டை முடிச்சுப் போட்டு நீட்டறது எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 13

போய்ட்டு வந்தாச்சுன்னு படிச்சேன். இப்ப நாத்தனாரே, அஞ்சு வயசுப் பையனுக்கு, 17 கிலோவுக்கு, என்ன வாங்கலாம்னு கேட்கறாங்கன்னா, இதோ. 18 கிலோ வரைக்கும் அஞ்சு முனைப் பட்டை வச்ச முன்னோக்கிய சீட் போதும். அவன் அதை எட்டப்போறதால, அப்புறம் முதுகு வச்ச பூஸ்டரா, அதாவது பிள்ளையை உயர்த்தி உட்கார வச்சு வண்டி பெல்ட்டையே போடற சீட்டா, மாத்திக்கக்கூடியதாப் பார்த்து வாங்கச் சொல்லுங்க. பூஸ்டர்ல உட்கார்ந்து வண்டி பெல்ட் போட்டா, கீழ்ப் பட்டை வயித்து மேல ஏறாம இடுப்பெலும்புல படியணும், மேல் பட்டை கழுத்தை அறுக்காம தோள் நடுவுல வரணும். நாலரை அடி, அஞ்சடி உயரம் வரும்வரைக்கும் வெறும் பெல்ட் அப்படிப் படியாது. சொந்தக்காரங்க பழைய சீட் தர்றாங்கன்னா, அது விபத்துல சிக்கின வண்டியில இருந்ததான்னு கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க, சிக்கியிருந்தா வேண்டாம்.